பதினான்காம் நம்பர் பாத்தி

டென்சிலின் அவரைக்கொடி ராத்திரியோடு ராத்திரியாக எல்லையைத் தாண்டிவிட்டது. அர்ஜுனனின் காலிப் பாத்திக்கு மேலே ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டிய கையிலும் கொத்துக் கொத்தாகக் காய்.

அர்ஜுனனுக்குக் காபி கசந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

“திமிரைப் பாத்தியா?” என்றார், பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி ஜெயலட்சுமியிடம்.

“யாருக்குங்க?”

“இந்தக் கொடிக்கு.”

“கொடிக்கு என்னங்க திமிரு? அதுக்கு இடம் பத்தல. காலியா இருக்கற பக்கம் வருது.”

‘காலி’ என்ற சொல் அர்ஜுனனுக்கு ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் டென்சிலின் தக்காளி சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் திருப்பிக்கொண்டார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அவர்கள் இருந்த அபார்ட்மெண்டின் மொட்டை மாடியில், வீட்டுக்கு ஒரு பாத்தி என்று செங்கல் வைத்துக் கட்டி மண் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். பதினான்காம் நம்பர் அர்ஜுனனுடையது. பதினைந்து, எதிர் வீட்டு டென்சிலுடையது. பதினைந்தில் தக்காளி, கத்திரி, நூக்கல், கீரை, அவரைப் பந்தல் என்று ஒரு மார்க்கெட்டே நடந்துகொண்டிருந்தது. பதினான்கில் மண் இருந்தது. இரண்டு வருஷமாக மண் மட்டும் இருந்தது.

இதை வைத்து அர்ஜுனனை யாரும் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெலிவரி மேனேஜர். பிளான் இல்லாமல் அவர் பல் தேய்ப்பதுகூடக் கிடையாது. பதினான்காம் நம்பர் பாத்திக்கும் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. எந்த மாதம் எந்த மூலையில் வெயில் விழும், எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடி ஒத்துப்போகும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், எல்லாம் அதில் இருந்தது. புறாத் தொல்லைக்கென்றே தனியாக ஒரு ஷீட். இப்போது ஓடுவது பதினோராவது வெர்ஷன். பூச்சியே விழாத தோட்டம் அது. லாப்டாப்பை மூடினால் வாடவும் செய்யாது.

ஜெயலட்சுமி ஆரம்பத்தில் ஒருநாள் கையில் விதைப் பொட்டலத்தோடு வந்து, “கொஞ்சம் வெந்தயக் கீரையாவது தூவிடறேங்க, சும்மாதானே கெடக்குது” என்று கேட்டாள்.

“டிசைன் முடியாம கோடிங் ஆரம்பிக்கறதா? நல்லாருக்கே! பிளான் முடியற வரைக்கும் அந்தப் பாத்தியில ஒரு விதை விழக் கூடாது. சொல்லிட்டேன்.”

அவள் பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மனைவிக்குப் பிளானிங்கின் அருமை புரிந்துவிட்டது என்று அர்ஜுனனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

டென்சிலோ பிரேசர் டவுன் பையன். முப்பது வயசிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அமெரிக்கக்காரர்களுக்காக ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, விடிந்தபின் கம்பெனி காரில் வந்து இறங்குவான். பகலெல்லாம் திரையைப் போட்டுக்கொண்டு தூங்குவான். அவனிடம் எக்செல் கிடையாது. பிளான் கிடையாது. அவனுக்குப் போய் இப்படிக் காய்த்துத் தள்ளினால் மனுஷனுக்கு வயிறு எரியாதா? அர்ஜுனன் இதைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ‘ஹெல்தி காம்பெடிஷன்’ என்பார். ஆனால் ஜெயலட்சுமி தினம் ராத்திரி அவருக்குச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று அவர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செக்ரட்டரி கோவிந்தப்பாவின் செய்தி வந்து விழுந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். புது வருஷத்துக்குப் பாத்திகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றுமே போடாமல் வைத்திருப்பவர்களின் பாத்தி, போடுகிறவர்களுக்குப் போகும். பதினான்காம் நம்பரை டென்சில் கேட்டிருக்கிறார்.

அர்ஜுனன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஜெயா! என் பாத்தியை அவன் கேட்டிருக்கான்!”

ஜெயலட்சுமி பக்கெட்டைக் கீழே வைத்தாள். “குடுத்தா என்னங்க? யாராவது ஒருத்தர் போட்டா சரிதான்.”

“என் இடத்துல அவன் கத்திரிக்கா போடுவான், நான் நின்னு பாக்கணுமா? என் பொணத்து மேலதான் போடணும்!”

“அந்த மண்ணுல நீங்களே எதையும் போட விடல. பொணத்தை மட்டும் போடறதா?”

வீட்டுக்கு வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே பச்சைப் பசேலென்று அவரைக்காய், கத்திரிக்காய். வாராவாரம் டென்சில் மாட்டிவிட்டுப் போவது.

“திருப்பிக் குடு. இனிமே அவன் காய் ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

“சரிங்க.”

மறுநாள் சாம்பாரில் கத்திரிக்காய் வெண்ணெயாகக் கரைந்தது. அர்ஜுனன் நிமிர்ந்து பார்த்தார்.

“வண்டிக்காரன்கிட்ட வாங்கினதுங்க,” என்றாள் ஜெயலட்சுமி, கரண்டியைப் பார்த்துக்கொண்டே.

“அதானே பாத்தேன்! ருசியைப் பாரு. அவன் காயெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா?” என்று சொல்லி இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

ஆனால் ருசி வயிற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பாத்தியில் மீட்டிங்குக்குள் எதையாவது பச்சையாகக் காட்டியாக வேண்டும். விதை போட்டால் முளைக்கவே நேரமில்லை. அர்ஜுனன் எக்செல்லில் ‘அவசரத் திட்டம்’ என்று ஒரு புது ஷீட் திறந்தார்.

அதன்படி, ஒசூர் ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போய், ஏற்கெனவே காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த தக்காளிச் செடிகளைத் தொட்டியோடு வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வந்தார். லிஃப்டில் மேலே கொண்டுபோய்ப் பாத்தியில் இறக்கி நட்டார். சொட்டு நீர்க் குழாய், அதற்கு ஒரு டைமர், டைமருக்கு போனில் ஒரு ஆப். ஆபீசில் இருந்துகொண்டே தண்ணீர் விடலாம்.

“கையால ஒரு சொம்பு ஊத்தினா போதுமேங்க,” என்றாள் ஜெயலட்சுமி.

“நீ அந்தக் காலத்துலயே இரு.”

மறுநாள் ஆபீசில், ஒரு பெரிய மீட்டிங்குக்குள் நுழையும் முன் அர்ஜுனன் பெருமையோடு ஆப்பைத் திறந்து தண்ணீரை விட்டார். மீட்டிங்கில் போனை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார். கிளையன்ட் அன்றைக்கென்று அதிகமாகப் பேசினான்.

வெளியே வந்து போனைப் போட்டபோது மாடிக்கு நேர் கீழ் வீட்டு வீணாவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால்கள். கூப்பிட்டார்.

“சார், உங்க தக்காளி எப்படியிருக்குன்னு தெரியல. என் பெட்ரூம்ல மழை பெய்யுது.”

“மழையா?”

“மெத்தை மேல பக்கெட் வச்சிருக்கேன் சார். நான் சோபால உக்காந்து ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணிட்டிருக்கேன். சீலிங்ல ஒரு மேப் வந்திருக்கு, பாக்கறீங்களா?”

அவர் ஓடி வந்து பார்த்தபோது பதினான்காம் நம்பர் பாத்தி ஏரியாக இருந்தது. வேர் பிடிக்காத தக்காளிச் செடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. தண்ணீர் வழிந்து பக்கத்துப் பாத்தியில் அளவாக இறங்கியிருந்தது. டென்சிலின் கீரை குளித்துவிட்டு வந்ததுபோல் தளதளவென்று நின்றது. அர்ஜுனன் பல்லைக் கடித்த சத்தம் கீழ் வீட்டில் வீணாவுக்கே கேட்டது.

சாயங்காலம் கோவிந்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே தட்டில் பரிமாறின மாதிரி வரும்.

“நோடி சார், நான் கம்ப்ளெய்ன்ட் எல்லாம் பண்ண மாட்டேன். ஆனா வீணா மேடம் வீட்டு சீலிங்கை நீங்கதான் சரி பண்ணிக் குடுக்கணும். இனிமே அந்த டைமர், பைப் எதுவும் மேல வேணாம். ஆய்தா? சரிதானே?”

“அப்ப செடி எப்படி வளரும்?”

“டென்சில் தோட்டம் வளரலையா சார்? ஒரு பைப்பும் இல்ல, ஒரு டைமரும் இல்ல. என்னா அவரைக்கா! நேத்து எங்க வீட்ல அவரைக்காய் உப்புமா. வாசம் லிஃப்ட் வரைக்கும் வந்துச்சு!”

அர்ஜுனன் காதில் புகை வந்தது. கோவிந்தப்பா போனதும் ஜெயலட்சுமியிடம் கேட்டார். “ஏன் ஜெயா, அவன் விடிஞ்சப்புறம் வரான், படுக்கறான், ராத்திரி போறான். எப்போ தண்ணி ஊத்தறான்? எப்போ களை எடுக்கறான்?”

“யாருக்குத் தெரியும்? நேரம் கெடைக்கும்போது பாப்பாரா இருக்கும்.”

“இல்ல. இதுல என்னமோ இருக்கு. நாளைக்குக் காலையில நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால மறைஞ்சு உக்காந்து பாக்கப்போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“விடலைங்க,” என்றாள் ஜெயலட்சுமி.

மறுநாள் காலை அவள் கால் வலிக்கிறது என்று, தினம் விடியற்காலையில் போகும் வாக்கிங்கூடப் போகவில்லை. அர்ஜுனன் லாப்டாப்பையும் ஹெட்செட்டையும் எடுத்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவருடைய டீமின் காலை மீட்டிங்கையும் அங்கிருந்தே நடத்தினார். கண் மட்டும் பதினைந்தாம் நம்பரில் இருந்தது.

தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. இரண்டு புறா வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயின. முதுகு வலித்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது மாடிக் கதவு திறந்தது.

டென்சில்தான். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் காபிக் கோப்பை, கண் முழுக்கத் தூக்கம். சுற்றுலா வந்தவன் மாதிரி செடிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவன், நூக்கல் வரிசைக்கு முன்னால் நின்று குனிந்தான். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். திரும்பினால் தொட்டிக்குப் பின்னால் அர்ஜுனன்.

“ஐயோ! சார்! நீங்களா? நல்லவேளை. இதைக் கொஞ்சம் பாருங்க சார். இந்தக் கிழங்கு எல்லாம் ஏன் சார் மண்ணுக்கு வெளிய வந்து நிக்குது? தலைகீழா நட்டுட்டாங்களா?”

அர்ஜுனன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அது நூக்கல்யா! மண்ணுக்கு மேலதான் இருக்கும்!”

“அப்படியா? நல்லவேளை, நான் திருப்பி வைக்கலாம்னு பாத்தேன்.”

“யோவ், உன் தோட்டத்துல இருக்கற நூக்கல் உனக்கே தெரியாதா? நட்டுட்டாங்களாவா? யாரு நட்டாங்க?”

டென்சிலின் தூக்கம் எங்கேயோ ஓடிவிட்டது. “அது வந்து… நான்தான் சார்… ஒரு ஃப்ளோல சொல்லிட்டேன்… காபி ஆறுது சார்.” காபியில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு கதவைத் தாண்டி ஓடியே விட்டான்.

ஹெட்செட்டில் டீமின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “அர்ஜுன் சார், நீங்க மியூட்ல இல்ல. கிளையன்ட் கேக்கறாரு, நூக்கல்ங்கறது புது மாட்யூலா?”

அர்ஜுனன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வயிறு குளிர்ந்திருந்தது. ஆக, டென்சிலுக்குத் தோட்டம் போடத் தெரியாது. தோட்டம் வேறு யாரோ போடுகிறார்கள். இந்தப் பயலுக்குப் போய்த் தான் வயிறெரிந்தோமே என்று ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. மறு பக்கம், அந்த வேறு யாரோவின் மேல் புதுசாக வயிறு எரிய ஆரம்பித்தது. டென்சிலைவிடப் பெரிய ஆளல்லவா அது! எக்செல் இல்லாமல் நூக்கலை இப்படி உருட்டித் திரட்டி வைத்திருக்கும் அந்தக் கை யாருடையது?

விடை மறுநாளே லிஃப்டில் கிடைத்தது. கதவு திறந்ததும் குப்பென்று நாற்றம். உள்ளே கோவிந்தப்பா நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு சாக்கு.

“என்ன சார் மூட்டை?”

“எரு சார். மாட்டு எரு. நம்ம ஆனேக்கல் வீட்ல இருந்து கொண்டாந்தேன்.” கோவிந்தப்பா மாடிக்கான பொத்தானை அமுக்கினார்.

“உங்க பாத்தியில ரோஜாச் செடி ரெண்டுதானே இருக்கு? அதுக்கா இவ்வளவு எரு?”

“அது… கேக்கறவங்க இருக்காங்க சார்,” என்று சொல்லிவிட்டு கோவிந்தப்பா லிஃப்டின் மேல் விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

அர்ஜுனனுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஊரில் நிலம் உள்ள மனுஷன். வீட்டில் அவரைக்காய் உப்புமா. மீட்டிங் வைத்து, காலிப் பாத்தியைப் பிடுங்கி டென்சில் பேருக்கு மாற்றப் பார்ப்பவரும் அவரேதான். டென்சில் வெறும் பினாமி. செக்ரட்டரி பதவியில் இருந்துகொண்டு மொட்டை மாடியையே வளைக்கப் பார்க்கிறார்!

வீட்டுக்குள் பாய்ந்து வந்து ஜெயலட்சுமியிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

“கோவிந்தப்பாவா? ஐயோ, அவர் பாவங்க. அவரா இருக்காது.”

“அவரேதான். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் கிழிக்கப்போறேன்.”

“வேணாங்க. யாரு போட்டா என்னங்க? செடி நல்லா இருக்குல்ல. அதை விட்டுட்டு நம்ம பாத்தியில நாம ஒரு பிடி கீரை விதை போடலாம். மீட்டிங்ல நீங்க பேசவே வேணாம்.”

“என்னையே பேச வேணாங்கற? ரெண்டு வருஷமா நான் ராத்திரி பகலா பிளான் போட்டிருக்கேன். என்னைக்காவது அதை ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியா? அவன் தக்காளி செவந்தா மட்டும் உன் முகம் செவக்குது. நேத்துகூட அந்தக் கத்திரிச் செடியைத் தடவிக் குடுத்தியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா? உனக்கு என்னைவிட அந்தத் தோட்டம் பெருசாப் போச்சு!”

ஜெயலட்சுமி என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, “கண்ணு எரியுது,” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். டீயும் பிஸ்கட்டும் சுற்றிவந்தன. பின்வரிசையில் ஜெயலட்சுமி. அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கொட்டாவி விட்டுக்கொண்டு டென்சில். ஓரமாக வீணா, பெயிண்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தப்பா தொண்டையைச் செருமினார். “ஃபர்ஸ்ட் ஐட்டம், பதினாலாம் நம்பர் பாத்தி.”

அர்ஜுனன் லாப்டாப்போடு எழுந்து நின்றார். முதலில் வெயில் ஷீட்டைக் காட்டினார். காற்று ஷீட்டைக் காட்டினார். புறா ஷீட்டுக்கு வந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து டீ வாங்கப் போனார்கள்.

“சார், சும்னே லேட் பண்ணாதீங்க,” என்றார் கோவிந்தப்பா. “அடுத்த வருஷம் ஏதாவது போடுவீங்களா, மாட்டீங்களா?”

“போடுவேன். ஆனா அதுக்கு முன்னாடி இங்க ஒரு மோசடி நடக்குது. அதைச் சொல்லணும்.” அர்ஜுனன் லாப்டாப்பைச் சாத்தினார். “டென்சில் தோட்டத்தை டென்சில் போடல!”

டென்சிலின் கொட்டாவி பாதியில் நின்றது.

“நூக்கலைத் தலைகீழா நட்டுட்டாங்களான்னு என்கிட்டயே கேட்டாரு. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க!”

கூட்டம் டென்சிலைப் பார்த்தது. டென்சில் தன் செருப்பைப் பார்த்தான்.

“ஒரு வீட்டுக்கு ஒரு பாத்திங்கறதுதான் ரூல். இங்க யாரோ ஒருத்தர் தன் பாத்தி போதாம, இன்னொருத்தர் பேருல பினாமியா விவசாயம் பண்ணிட்டிருக்காங்க. இப்போ என் பாத்தியையும் அதே வழியில அமுக்கப் பாக்கறாங்க. அதனால நான் ஒரு தீர்மானம் கொண்டுவரேன். அப்படிப் பண்ணது யாராயிருந்தாலும், எவ்வளவு பெரிய பதவியில இருந்தாலும்,” இங்கே கோவிந்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார், “அவங்க சொந்தப் பாத்தியைப் பிடுங்கணும். அடுத்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு மொட்டை மாடியில ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. அந்தக் குடும்பத் தலைவர் இப்பவே எழுந்து நின்னு எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும்!”

“குடும்பத் தலைவரா?” என்றார் கோவிந்தப்பா, குரல் இறங்கி. “சார், யோசிச்சு சொல்றீங்களா?”

“ஏன், பயமா இருக்கா?”

டென்சில் எழுந்து ஓடியே வந்தான். அர்ஜுனனின் காதருகில் குனிந்தான். “சார், ப்ளீஸ் சார். உங்க பாத்தி எனக்கு வேணாம். என் பாத்தியையும் நீங்களே எடுத்துக்குங்க. அவரைக்கா, தக்காளி, அந்தக் கிழங்கு எல்லாத்தோடவும். மேட்டரை இதோட விட்டுடுங்க சார்.”

இரண்டு வருஷமாக அர்ஜுனன் ஆசைப்பட்டதெல்லாம் தானாக மடியில் வந்து விழுந்தது. சரி என்று சொல்லிவிட்டு ஒரு டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பொறாமைக்கு அப்படி உட்காரத் தெரிந்தால் உலகத்தில் பாதிச் சண்டை இருக்காது. அந்தத் தோட்டம் வேண்டியதில்லை அவருக்கு. அதைப் போட்ட ஆள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்.

“எனக்கு உன் பிச்சை வேணாம். தீர்மானத்துக்கு ஓட்டெடுங்க!”

சனங்களுக்கு வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைச் சமையலைக் கவனிக்க வேண்டியிருந்தது. மளமளவென்று கை தூக்கினார்கள். கோவிந்தப்பாவும் பெருமூச்சு விட்டுவிட்டுத் தூக்கினார். டென்சில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவன் கையும் மேலேதான் இருந்தது. மொத்தக் கூட்டத்தில் கை தூக்காதது ஒரே ஆள்: ஜெயலட்சுமி.

அர்ஜுனனுக்குச் சுருக்கென்றது. கட்டின மனைவி! இன்னமும் அந்தத் தோட்டத்தின் பக்கம்!

“பாஸ் ஆயிது,” என்றார் கோவிந்தப்பா, யார் முகத்தையும் பார்க்காமல்.

“இப்ப நேராவே கேக்கறேன்,” என்று அர்ஜுனன் அவர் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு லிஃப்ட்ல ஒரு மூட்டை எரு ஏத்திக்கிட்டுப் போனீங்களே, அது யாருக்கு?”

“கேட்டவங்களுக்கு வாங்கிக் குடுத்தேன் சார்.”

“அந்தக் கேட்டவங்க யாரு? பேர் இல்லையா அவங்களுக்கு?”

கோவிந்தப்பா பார்க்கிங்கின் கூரையைப் பார்த்தார். டென்சில் ஒரு கார் டயரைப் பார்த்தான். பின்வரிசையில் ஜெயலட்சுமி, சேலை முந்தானையின் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா? வாயே தெறக்க மாட்டாங்க! ஏன்னா குற்றவாளி நம்ம நடுவுலயே உக்காந்திருக்காங்க!” அர்ஜுனன் நெஞ்சை நிமிர்த்தி, கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “யாருக்காவது தைரியம் இருந்தா எழுந்து சொல்லுங்க. தினம் அந்தப் பதினஞ்சாம் நம்பர் பாத்தியில வேலை செய்யற அந்தத் திருட்டு ஆள் யாரு?”

வீணா அப்போதுதான் பெயிண்டரோடு பேசி முடித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். நடந்தது ஒன்றும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. கடைசிக் கேள்வி மட்டும் விழுந்தது.

“என்ன சார், தெரியாத மாதிரியே கேக்கறீங்க? உங்க பாத்தியில பிளான் முடியற வரைக்கும் ஒரு விதை விழக் கூடாதுன்னு சொல்லிட்டீங்கன்னு, ரெண்டு வருஷமா டென்சில் பாத்தியில தோட்டம் போடறது உங்க வீட்டு ஜெயா அக்காதானே!”